நான்கெல்லை எழுதாத பத்திரம்: இஸ்ரேல்–பாலஸ்தீன சமாதானம் ஏன் கைகூடவில்லை?

(கட்சியின் இணையவழி அரசியல் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பாலஸ்தீனம் என்று பேச்சை எடுத்தாலே ரெண்டு வாசகம் காதில் விழும். ஒண்ணு, "அது ரெண்டாயிரம் வருஷத்துச் சண்டைப்பா, தீரவே தீராது." இன்னொண்ணு, "பேச்சுவார்த்தை எல்லாம் சும்மா நாடகம்." முதல் வாசகத்தைச் சொல்பவர்கள் எதையும் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள். ரெண்டாவதை, வருத்தத்தோட சொல்றேன், நம்ம பக்கத்து ஆட்கள்தான் அதிகம் சொல்றாங்க. காஸாவின் இடிபாடுகளைப் பார்த்துப் பார்த்து மனசு வெந்துபோய்ச் சொல்றாங்க, புரியுது. ஆனாலும் ரெண்டுமே தப்பு. இன்றைக்கு நான் முக்கியமாகப் பேசப்போவது அந்த ரெண்டாவது வாசகத்தைப் பற்றி.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இது அடிப்படையில் நில வழக்கு. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த நிலம் பிரிட்டன் கைக்குப் போனது. ஐரோப்பாவில் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடப்பட்டார்கள். ஹிட்லர் காலத்தில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பாக இருக்க ஒரு நாடு வேண்டும் என்று அவர்கள் தேடியதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாடு அமைந்த இடத்தில் ஏற்கெனவே வேறு மக்கள் குடியிருந்தார்கள். ஐரோப்பா செய்த பாவத்துக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தை ரெண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. எதிர்த்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிரிக்க வேண்டாம், ஒரே கூட்டாட்சி நாடாக வைக்கலாம் என்று ஈரானோடும் யூகோஸ்லாவியாவோடும் சேர்ந்து இந்தியா மாற்றுத் திட்டமே கொடுத்திருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1948 மே 14இல் இஸ்ரேல் பிறந்தது. போர் மூண்டது. ஏறக்குறைய 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். அதைத்தான் அவர்கள் 'நக்பா', பேரழிவு என்கிறார்கள். அந்த அகதிகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1991 மாட்ரிட் மாநாட்டில் உலக ஊடகங்களுக்கு முன்னால் பாலஸ்தீனத்தின் குரலாக நின்ற ஹனான் அஷ்ராவி ஒரு கிறிஸ்தவப் பெண். இதை ஒரு மதத்தின் பிரச்சினையாகச் சுருக்கிப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள், போதும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

நிலம் வாங்கினவர்களுக்கு, பாகம் பிரித்தவர்களுக்கு ஒரு சொல் தெரியும்: செக்குபந்தி. வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால், கிழக்கே எது, மேற்கே எது என்று நான்கெல்லை எழுதுவது. பத்திரத்தில் முதல் பக்கத்தில் என்னதான் அழகாக "அன்புடனும் சம்மதத்துடனும்" என்று எழுதியிருந்தாலும், கடைசியில் நான்கெல்லை சரியாக இல்லையென்றால் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். இஸ்ரேல்–பாலஸ்தீன சமாதான முயற்சிகளின் வரலாற்றை இந்த ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். எது நிலைத்தது, எது உடைந்தது என்று தெளிவாகத் தெரியும்.

1967 ஜூன் மாதம் ஆறு நாள் போர். எகிப்திடமிருந்து சினாய், காஸா. ஜோர்டானிடமிருந்து மேற்குக்கரை, கிழக்கு ஜெருசலேம். சிரியாவிடமிருந்து கோலான் குன்றுகள். இவ்வளவும் இஸ்ரேல் கைக்கு வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 22இல் பாதுகாப்பு கவுன்சில் 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இன்றுவரை எல்லாப் பேச்சுக்கும் அதுதான் அடிப்படை. அதில் ஒரு வேடிக்கை இருக்கு. போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படை விலகணும் என்கிறது தீர்மானம். ஆங்கிலப் பிரதியில் வெறும் 'பகுதிகளிலிருந்து' என்று இருக்கிறது. பிரெஞ்சுப் பிரதியைப் படித்தால் 'அந்தப் பகுதிகளிலிருந்து' என்று பொருள் வருகிறது. எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா? இஸ்ரேல் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டது, அரபு நாடுகள் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டன. இது கவனக்குறைவில் நடந்தது இல்லை. எல்லாரும் கை தூக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே மங்கலாக விடப்பட்ட இடம். அன்றைக்கு ஓட்டு கிடைத்துவிட்டது. எல்லை மட்டும் கிடைக்கவில்லை.

சரி, பேச்சுவார்த்தை ஜெயிச்ச கதை ஏதாவது இருக்கா? இருக்கு. 1978, கேம்ப் டேவிட்.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் எகிப்து அதிபர் அன்வர் சதாத் நேராக ஜெருசலேமுக்கே விமானம் ஏறிப் போனார். நான்கு வருடத்துக்கு முன்னால்தான் போர் நடத்தியவர். அரபு உலகம் அதிர்ந்துபோனது. 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை, 13 நாள், அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவரையும் இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகினையும் ஒரு மலை விடுதிக்குள் வைத்துப் பேச வைத்தார். வைத்துப் பேச வைத்தார் என்று சொல்வதே சரியில்லை. முதல் சில நாட்களிலேயே ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேச முடியாத அளவுக்கு முட்டிக்கொண்டார்கள். அப்புறம் கார்ட்டரும் அவர் ஆட்களும் ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் பேச்சுவார்த்தை. வரைவு எழுதுவது, திருத்துவது, திரும்ப எழுதுவது. ஒரு கட்டத்தில் சதாத் பெட்டியைக் கட்டிவிட்டார். கார்ட்டர் போய்த் தடுத்தார். கடைசி நாள் பெகின் முறுக்கிக்கொண்டார். அவர் தன் பேரப்பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்ட படங்கள் கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி எடுத்துப் போனார். அந்தப் பெயர்களை வாசித்தபோது பெகினின் குரல் தழுதழுத்தது.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் ரொம்ப விரும்பிச் சொல்லும். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒப்பந்தம் நிலைத்தது அந்தக் கண்ணீரால் இல்லை. காகிதத்தில் என்ன எழுதினார்கள் என்று பார்க்கணும்.

சினாய் ஏறக்குறைய 60,000 சதுர கிலோமீட்டர். இஸ்ரேலைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முழுசையும் எகிப்துக்குத் திருப்பித் தரணும், அங்கே கட்டியிருந்த குடியேற்றங்களைக் காலி செய்யணும், எகிப்து எந்தெந்த இடத்தில் எவ்வளவு படை வைக்கலாம் என்று மண்டலம் மண்டலமாகப் பிரிக்கணும், பதிலுக்கு எகிப்து இஸ்ரேலை முழுமையாக அங்கீகரித்துத் தூதரகம் திறக்கணும். பெகின் தன் ஓய்வுக் காலத்தைச் சினாய்க் குடியேற்றம் ஒன்றில் கழிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவரே இதை இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்; ஆதரவு 84, எதிர்ப்பு 19. 1979 மார்ச் 26இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1982 ஏப்ரலில் யமித் என்ற குடியேற்ற நகரத்தை இஸ்ரேல் ராணுவமே காலி செய்தது. மொட்டை மாடியில் ஏறி நின்று எதிர்த்தவர்களை இழுத்து இறக்கினார்கள். கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? ஏரியல் ஷரோன். குடியேற்றங்களின் தந்தை என்று சொல்லப்பட்டவர்! அதே ஏப்ரல் 25ஆம் தேதி வெளியேற்றம் முடிந்தது. அதில் டாபா என்ற கடற்கரைத் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது, ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் அளவு. எல்லைக்கல் எங்கே இருந்தது என்று தகராறு. சுடவில்லை. சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள், 1988இல் எகிப்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 1989இல் ஒப்படைத்தார்கள்.

சதாத் இதற்குத் தன் உயிரைக் கொடுத்தார். 1981 அக்டோபர் 6 அன்று ராணுவ அணிவகுப்பிலேயே சுட்டுக் கொன்றார்கள். அரபு லீக் எகிப்தைப் பத்து வருடம் ஒதுக்கி வைத்தது. எகிப்தில் ஆட்சிகள் கவிழ்ந்தன. காஸாவில் போருக்கு மேல் போர் நடந்தது. அந்த ஒப்பந்தம் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. சினாயில் கண்காணிப்புக்கென்று அமைத்த பன்னாட்டுப் படை இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

இப்போ கவனிங்க. அதே கேம்ப் டேவிட்டில், அதே 13 நாளில், இன்னொரு ஆவணமும் கையெழுத்தானது. மேற்குக்கரை, காஸா மக்களுக்கு முழுத் தன்னாட்சி, ஐந்து வருட இடைக்காலம், அதற்குள் இறுதி நிலை பற்றிப் பேச்சு. அதே மனிதர்கள், அதே பேனா. அது செத்துப்போனது. ஏன்? எல்லை எழுதவில்லை. 'தன்னாட்சி' என்றால் மக்களுக்குத்தான், நிலத்துக்கு இல்லை என்று பெகின் விளக்கம் சொன்னார். புதிய குடியேற்றங்களை நிறுத்தி வைப்பதாகத் தன்னிடம் அவர் ஒப்புக்கொண்டார், பேச்சு நடக்கும் காலம் முழுவதும் என்று கார்ட்டர் நினைத்தார். பெகின் "நான் சொன்னது மூன்று மாசம்" என்றார். அந்த மூன்று மாசமும் முடிந்தது, கட்டுமானம் தொடர்ந்தது. பாலஸ்தீனர்களை யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் அந்த மலை விடுதியில் இல்லவே இல்லை.

"பேச்சுவார்த்தை எல்லாம் நாடகம்" என்று சொல்லும் தோழர்கள் இந்த ரெண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். ஒரே மேஜையில் பிறந்தவை. ஒன்று நாற்பது வருடத்துக்கு மேல் போரைத் தடுத்து வைத்திருக்கிறது. இன்னொன்று நாலு வருடம்கூடத் தாங்கவில்லை.

அடுத்து ஓஸ்லோ. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். நம்மில் பலருக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு படம்தான்: 1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி, கிளிண்டன் நடுவில் கையை விரித்து நிற்க, இட்ஸாக் ராபினும் யாசர் அராஃபத்தும் கை குலுக்குகிறார்கள்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ரெண்டு பேச்சுவார்த்தை இருந்தது. ஒன்று வெளிப்படையானது. 1991 அக்டோபர் 30இல் மாட்ரிட்டில் தொடங்கி வாஷிங்டனில் தொடர்ந்தது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு பேச மாட்டோம் என்று இஸ்ரேல் சொன்னதால், ஜோர்டான் குழுவோடு சேர்ந்த கூட்டுக் குழுவாகப் பாலஸ்தீனர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஹைதர் அப்தெல் ஷாஃபி. காஸாவைச் சேர்ந்த மருத்துவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் ஒரே இடத்தில் நின்றார்: குடியேற்றம் கட்டுவதை முதலில் நிறுத்துங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம். பேச்சு முன்னேறவில்லை. அவரைப் பிடிவாதக்காரர் என்றார்கள்.

அந்த மாட்ரிட் காலத்தில் இன்னொரு சம்பவமும் உண்டு, அதை மறக்கக் கூடாது. சோவியத் யூனியனிலிருந்து வந்த யூதர்களைக் குடியமர்த்த 1,000 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்காவின் உத்தரவாதத்தை இஸ்ரேல் கேட்டது. அதிபர் மூத்த புஷ் "குடியேற்றத்தை நிறுத்து, அப்புறம் தருகிறேன்" என்று நிறுத்தி வைத்தார். இஸ்ரேலுக்குள் பெரிய விவாதமானது. 1992 ஜூன் தேர்தலில் பிரதமர் ஷமீர் தோற்றார், ராபின் வந்தார். அமெரிக்கா நினைத்தால் முடியாது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்க.

ரெண்டாவது பேச்சுவார்த்தை ரகசியமானது. 1993 ஜனவரியில் நார்வேயில் தொடங்கியது. விடுதலை இயக்கத்தினரைச் சந்திப்பதையே குற்றமாக்கியிருந்த சட்டத்தை இஸ்ரேல் நாடாளுமன்றம் நீக்கியதும் அதே மாதம்தான். இஸ்ரேல் தரப்பில் முதலில் வந்தவர்கள் அதிகாரிகள்கூட இல்லை. யாயிர் ஹிர்ஷ்ஃபெல்டு, ரான் புண்டாக் என்ற ரெண்டு கல்வியாளர்கள். பாலஸ்தீனத் தரப்பில் அபு அலா என்று அழைக்கப்பட்ட அகமது குரே. நார்வேயின் டெர்யே ரோட்-லார்சன், மோனா யூல் தம்பதி ஏற்பாடு. ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாக நடந்தார்கள், நகைச்சுவை பேசினார்கள், நம்பிக்கை வளர்ந்தது. இது பெரிய விஷயம், கேலி செய்யக் கூடாது. எதிரி என்று பார்த்தவன் முகத்தில் மனிதனைப் பார்ப்பது சாதாரணம் இல்லை.

ஆனால் வாஷிங்டனில் அந்த முதிய மருத்துவர் எதில் பிடிவாதமாக நின்றாரோ, அதை நார்வேயில் ஒத்திவைத்தார்கள். ஜெருசலேம் யாருக்கு, அகதிகள் திரும்பலாமா, குடியேற்றங்கள் என்னாகும், எல்லை எங்கே: எல்லாமே 'இறுதி நிலைப் பேச்சு' என்ற பெட்டிக்குள் போனது. ஐந்து வருட இடைக்காலம். மூன்றாம் வருடத் தொடக்கத்துக்குள் இறுதிப் பேச்சைத் தொடங்க வேண்டும். முதலில் சின்ன விஷயங்களில் நம்பிக்கை வளரட்டும், பெரிய விஷயங்கள் அப்புறம் சுலபமாகிவிடும் என்பது அந்தக் கணக்கு. பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் பாருங்கள். சமாதானமாக, பாதுகாப்பாக இருக்க இஸ்ரேல் நாட்டுக்கு உரிமை உண்டு என்று அராஃபத் எழுதிக் கொடுத்தார். பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக விடுதலை இயக்கத்தை ஏற்கிறேன் என்று ராபின் எழுதிக் கொடுத்தார். ஒருவர் ஒரு நாட்டை அங்கீகரிக்கிறார், இன்னொருவர் ஓர் அமைப்பை அங்கீகரிக்கிறார். பாலஸ்தீன நாடு என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கேயும் உறுதியாக இல்லை. அப்தெல் ஷாஃபி அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை.

பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பங்காளி அந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டி வீடு எழுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பேச்சு நீள நீள அவருக்கு லாபம். 1993இல் கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் மேற்குக்கரையில் குடியேறிகள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். 2000இல் அது சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம். சமாதானம் பேசின ஏழு வருடத்தில்! 1995 செப்டம்பரில் வந்த ரெண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: இறுதிப் பேச்சு முடியும்வரை அந்தப் பகுதிகளின் நிலையை எந்தத் தரப்பும் மாற்றக் கூடாது. நல்ல வரி. மீறினால் யார் கேட்பது, என்ன தண்டனை என்று மட்டும் எழுதவில்லை. அதே ஒப்பந்தம் மேற்குக்கரையை ஏ, பி, சி என்று மூன்றாகத் துண்டு போட்டது. முழு இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ள சி பகுதி இன்றும் ஏறக்குறைய 60 சதவீதம். பாலஸ்தீன அதிகாரத்தின் கையில் உள்ள ஏ, பி பகுதிகள் அதற்கு நடுவே தீவுகள் மாதிரி சிதறிக் கிடக்கின்றன. இது தற்காலிக ஏற்பாடு, 1999 மே மாதத்தோடு முடிய வேண்டியது. கால் நூற்றாண்டு தாண்டியும் அப்படியே இருக்கிறது.

இங்கே நம்ம தோழர்களுக்குப் பிடிக்காத ஒரு பகுதியையும் பேசணும். ஒத்திவைத்த இடைவெளியில் சும்மா இருந்தது யார்? யாரும் இல்லை. சமாதானம் வேண்டாம் என்றவர்களுக்கு ஐந்து வருட அவகாசம் கிடைத்தது. 1994 பிப்ரவரி 25இல் ஹெப்ரான் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைப் பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி சுட்டுக் கொன்றான். அந்த ஏப்ரலிலிருந்து ஹமாஸ் பேருந்துகளில் தற்கொலைக் குண்டு வைக்கத் தொடங்கியது. 1995 நவம்பர் 4இல் டெல் அவிவில் ராபினைக் கொன்றவன் அரபு இளைஞன் இல்லை, இகால் அமீர் என்ற இஸ்ரேலிய யூத இளைஞன். அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் ஜெருசலேமிலும் டெல் அவிவிலும் குண்டுகள் வெடித்து 50 பேருக்கும் மேல் செத்தார்கள். மே மாதத் தேர்தலில் பெரஸ் சுமார் 30 ஆயிரம் வாக்கில் நெதன்யாகுவிடம் தோற்றார். சந்தையில், பேருந்தில் போன மனிதர்களைக் கொன்றது விடுதலைப் போராட்டம் ஆகாது. அது பாலஸ்தீனத்துக்கு ஒரு சாண் நிலத்தையும் மீட்டுத் தரவில்லை, நெதன்யாகுவைத்தான் கொண்டுவந்தது.

ராபினையும் தெய்வமாக்க வேண்டாம். சாவதற்கு ஒரு மாதம் முன்பு நாடாளுமன்றத்தில் பேசும்போது, பாலஸ்தீனர்களுக்குக் கிடைக்கப்போவது முழு நாட்டைவிடக் குறைவான ஒன்று என்றுதான் சொன்னார். அதுக்கே 61க்கு 59 என்ற கணக்கில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதுக்கே அவரைக் கொன்னாங்க.

2000 ஜூலையில் மறுபடி கேம்ப் டேவிட். கிளிண்டன், பராக், அராஃபத். "எல்லாத்தையும் கொடுத்தாங்க, அராஃபத் வேண்டாம்னுட்டார்" என்று ஒரு கதை இன்றைக்கும் ஓடுகிறது. முன்பு எந்த இஸ்ரேல் பிரதமரும் தராததைப் பராக் பேச முன்வந்தார், உண்மை. ஆனால் பராக்கின் யோசனைகள் எழுத்தில் தரப்படவில்லை, பெரும்பாலும் வாய்மொழி. வரைபடமும் ஜெருசலேமும் கடைசிவரை தகராறு. ஏழு வருடம் தள்ளிப்போட்ட நான்கு பெரிய கேள்விகளையும் பதினைந்து நாளில் முடிக்கப் பார்த்தார்கள். செப்டம்பர் 28இல் ஷரோன் அல்-அக்ஸா வளாகத்துக்குள் போனார், ரெண்டாம் இன்டிஃபாடா வெடித்தது. டிசம்பர் 23இல் கிளிண்டன் முதன்முறையாக எல்லைக்கும் ஜெருசலேமுக்கும் தெளிவான அளவுகோல் வைத்தார். அவர் பதவிக் காலத்தில் மிச்சம் நாலு வாரம். ஜனவரியில் டாபாவில் ரெண்டு தரப்பும் முன்னெப்போதையும்விட நெருங்கி வந்தோம் என்று சேர்ந்து அறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 6இல் ஷரோன் தேர்தலில் ஜெயித்தார். முடிந்தது. முதல் வருடம் பேசியிருக்க வேண்டியதை எட்டாவது வருடம் பேசினார்கள்.

அடுத்து வந்தது பலருக்குத் தெரியாத ஒன்று. 2002 மார்ச் 28, பெய்ரூட். அரபு லீக் நாடுகள் சேர்ந்து ஒரு முன்மொழிவு வைத்தன: 1967க்கு முந்தைய எல்லைக்குத் திரும்புங்கள், கிழக்கு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன நாடு அமையட்டும், அகதிகளுக்கு நியாயமான, ஒப்புக்கொண்ட தீர்வு வரட்டும், நாங்கள் எல்லாரும் உங்களோடு இயல்பான உறவு வைக்கிறோம். நான்கெல்லையைத் தெளிவாக எழுதிய பத்திரம் இது. அதற்கு முதல் நாள் இரவு நெதன்யா நகரத்தில், பாஸ்கா பண்டிகை விருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே ஹமாஸ் தற்கொலைக் குண்டு வெடித்து 30 பேர் இறந்தார்கள். மறுநாள் பெய்ரூட் செய்தியை இஸ்ரேலில் யாரும் படிக்கிற நிலையில் இல்லை. அடுத்த நாள் இஸ்ரேல் டாங்கிகள் மேற்குக்கரை நகரங்களுக்குள் நுழைந்தன. ஷரோன் அரசு அந்த முன்மொழிவைக் கையில் எடுக்கவே இல்லை. பின்னால் வந்த அரசுகளும் எடுக்கவில்லை.

2005இல் ஷரோன் காஸாவிலிருந்து 21 குடியேற்றங்களையும் படையையும் தானாகவே விலக்கினார். காலி செய்ய முடியும் என்று மறுபடி நிரூபணமானது. ஆனால் ஒப்பந்தம் இல்லை, ஒப்படைப்பு இல்லை. வான்வழியும் கடலும் பெரும்பாலான எல்லையும் இஸ்ரேல் கையிலேயே. பேசிப் பெறாத வெற்றியை ஹமாஸ் தன் துப்பாக்கியின் வெற்றி என்று சொல்லிக்கொண்டது, 2006 தேர்தலில் ஜெயித்தது, 2007இல் காஸாவை முழுதாகக் கையில் எடுத்தது. முற்றுகை வந்தது. அப்புறம் 2020இல் ஆபிரகாம் உடன்பாடுகள்: அமீரகம், பஹ்ரைன் ஆகியவை பாலஸ்தீனத்தை ஓரமாக வைத்துவிட்டு இஸ்ரேலோடு கை குலுக்கின. பிரச்சினை தானாக மறைந்துவிடும் என்ற எண்ணம் அது.

மறையவில்லை. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயக்கைதிகளானார்கள். அது கொடூரம்; அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அதன் பிறகு காஸாவில் கொல்லப்பட்டவர்கள், காஸா சுகாதார அமைச்சகக் கணக்கின்படி, 2025 அக்டோபருக்குள் 67 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அதில் பல்லாயிரம் குழந்தைகள். இதுக்கும் வேறு பெயர் வைக்க முடியாது. கத்தாரும் எகிப்தும் அமெரிக்காவும் நடுவில் நின்று பேசி 2023 நவம்பரில் ஒரு வாரம், 2025 ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒருமுறை, 2025 அக்டோபரில் மறுபடி ஒருமுறை போர்நிறுத்தம் கொண்டுவந்தார்கள். பணயக்கைதிகளில் பெரும்பாலானோர் உயிரோடு வீடு திரும்பியது பேச்சுவார்த்தையால்தான். குண்டு போட்டு மீட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நாடகம் என்று சொல்பவர்கள் அந்தக் குடும்பங்களைக் கேட்டுப் பார்க்கட்டும். சிறையிலிருந்து வீடு வந்த பாலஸ்தீனக் கைதிகளின் குடும்பங்களையும் கேட்கட்டும்.

2025 நவம்பர் 17இல் பாதுகாப்பு கவுன்சில் 2803ஆம் தீர்மானத்தை 13 வாக்குகளோடு நிறைவேற்றியது. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்கவில்லை. காஸாவுக்குப் பன்னாட்டுப் படை, இடைக்கால நிர்வாகம், மறுகட்டுமானம் எல்லாம் அதில் வருகிறது. பாலஸ்தீன நாடு பற்றி என்ன சொல்கிறது? பாலஸ்தீன அதிகாரம் தன்னைச் சீர்திருத்திக்கொண்டு, காஸா மறுகட்டுமானமும் முன்னேறிய பிறகு, தனி நாட்டுக்கான நம்பகமான பாதைக்குரிய சூழல் அமையக்கூடும் என்கிறது. 'அமையும்' இல்லை, 'அமையக்கூடும்'. தேதி இல்லை. எல்லை இல்லை. அந்தப் பாதை மேற்குக்கரை வழியாகத்தானே போகணும்? அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் மேற்குக்கரையை வடக்கு தெற்காக வெட்டிவிடக்கூடிய ஈ-1 பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக்கரைக் குடியேறிகள் இன்றைக்கு ஏறக்குறைய 5 லட்சம்.

அதுக்காக 2803ஐக் கிழித்துப் போடணும்னு நான் சொல்லலை. குண்டு விழாத ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தைக்கு உயிர். உணவு லாரி உள்ளே போனால் நல்லது. போர்நிறுத்தத்தை ஆதரிச்சுக்கிட்டே, எல்லை எங்கே, எந்தத் தேதிக்குள், மீறினால் யார் கேட்பார் என்று விடாமல் கேட்கணும்.

நம்ம நாட்டின் கதையையும் ஒரு வார்த்தை. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. 1988இல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. 1992இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு. ரெண்டு பக்கமும் பேசக்கூடிய நாடு நாம். அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்தினோம்? 2025 ஜூன் 12இல் காஸா போர்நிறுத்தம் கேட்டு ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன, இந்தியா நடுநிலை. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 12இல், இரு நாட்டுத் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனத்தை ஆதரித்த 142 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாடு அமையணும் என்றால் சரி, அதில் வாழப்போகிறவர்கள் சாகக் கூடாது என்றால் நடுநிலையா? இதற்கு வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் எழுதுங்கள். தேதியையும் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதினால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நம்ம பக்கத்துப் பதிவுகள் சிலவற்றில் இஸ்ரேல் அரசைத் திட்டத் தொடங்கி யூதர்களைத் திட்டுவதில் போய் முடிகிறது. ஹிட்லர் படத்தைப் போட்டு வசனம் எழுதுவதையும் பார்த்தேன். அதை உடனே நீக்குங்கள். போரை நிறுத்தச் சொல்லி டெல் அவிவ் தெருக்களில் ஆயிரக்கணக்கில் நின்றவர்களும் யூதர்கள்தான். எங்கேயோ நடந்த வேறு போரின் படத்தைக் காஸா என்று பகிர்வதும் வேண்டாம். உண்மையே போதுமான அளவுக்குக் கொடுமையாக இருக்கிறது, நாம் சேர்க்க எதுவும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது. 1948 அகதிகள் திரும்பும் உரிமை பற்றியும், ஒரே நாடா ரெண்டு நாடா என்பது பற்றியும் இன்றைக்கு நான் தொடவில்லை. அவை தனித்தனி அமர்வுக்கு உரியவை. இப்போ கேள்விகளுக்கு வரலாம். முதல்ல கேம்ப் டேவிட் பற்றிக் கேட்க நினைக்கிற தோழர்கள் கை தூக்குங்க.